புத்துஸ் என்று கூப்பிட்ட மனிதர்

அந்தக் காரின் இடப்பக்க இருக்கை நடுவில் குழி விழுந்து, கதவுப் பக்கமாகச் சாய்ந்து கிடக்கும். என் கூட்டாளி பாய் உட்கார்ந்து உட்கார்ந்து விழுந்த குழி அது. வேறு யாராவது அங்கே உட்கார்ந்தால் அவர்களுடைய தோளும் தானாகவே வெளியே சாயும்; ரோட்டோரத்தில் நிற்பவர்களிடம் பேசப் போகிறவர்கள் மாதிரி இருப்பார்கள். பாய்க்கு வேலையே அதுதான். போகிற வழியெல்லாம் தலையை வெளியே நீட்டி மலாய்க்காரர்களோடு பேசிக்கொண்டு வருவார். வண்டி ஓட்டுவது என் வேலை. வலது பக்கத்தைக் கைப்பக்கம் என்றும் இடது பக்கத்தை வாய்ப்பக்கம் என்றும் எங்களுக்குள் பேர் வைத்திருந்தோம். எனக்கு மலாய் சுத்தமாக வராது. சோறு, தண்ணீர், எவ்வளவு, இடமில்லை என்பதற்கு மேல் நாக்கு போகாது. பாய்க்கு ஓட்ட வராது. ஒரே ஒரு முறை ஓட்டிப் பார்த்து, தன் கடை வாசலில் இருந்த மண்ணெண்ணெய்ப் பீப்பாய் மேலேயே ஏற்றினார். “ரெண்டு ஆம்பளைங்க சேர்ந்தாத்தான் இந்தத் தோட்டத்துல ஒரு டிரைவர் ஆகுது” என்று என் மனைவி கேலி செய்வாள். பாய்க்கு அது ரொம்பப் பிடிக்கும். கடைக்கு வருகிற ஆட்களிடம் எல்லாம் “தங்கச்சி சொல்லுச்சு” என்று அதைச் சொல்லிச் சொல்லிச் சிரிப்பார்.

நாங்கள் இருவரும் முதல் உலகச் சண்டைக்குப் போய் வந்தவர்கள். துப்பாக்கி பிடித்தவர்கள் அல்ல. மலாயாவிலிருந்து லாரி ஓட்ட ஆள் எடுத்தபோது நான் போனேன். சமையலுக்கு ஆள் எடுத்தபோது பாய் வந்தார். அரபு நாட்டுப் பஸ்ராவில் ஒரே கூடாரத்தில் கிடந்தோம். அங்கே வெயில் மண்டையைப் பிளக்கும். இரவில் குளிர் எலும்பில் ஏறும். ஐந்து வேளை தொழுகிறவர், குர்ஆன் ஓதுகிறவர், ஆகவே இவருக்கு அந்த ஊர்ப் பேச்சு வரும் என்று நம்பி, பேரீச்சம்பழம் வாங்க அவரைச் சந்தைக்கு அனுப்பினோம். கைவீசிக்கொண்டு திரும்பி வந்தார். “தம்பி, ஓதுற அரபு வேற, பேரம் பேசுற அரபு வேறடா” என்றார். அன்றைக்குக் கூடாரமே சிரித்தது. அப்படிச் சிரித்தவர்களில் பாதிப் பேர் அந்த மண்ணிலேயே படுத்துவிட்டார்கள், காய்ச்சலில். தப்பி வந்த எங்களுக்கு ஒருவரை ஒருவர் விடக்கூடாது என்று ஆகிவிட்டது. நான் பகா என்கிற ஊருக்கு அந்தப் பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்தில் டிரைவரானேன். அடுத்த வருஷமே அதே தோட்டத்து வாசலில் பாய் மளிகைக் கடை போட்டார்.

கார் வந்தது ரப்பர் விலை விழுந்த காலத்தில். தோட்டத்து வெள்ளைக்காரத் துரைக்குச் சீமைக்குத் திரும்பிப் போகச் சொல்லி உத்தரவு வந்தது. அவர் ஏற்கெனவே பழசாய் வாங்கிய கறுப்பு வண்டி அது. துணிக்கூரை, ரப்பர்க் குமிழ் வைத்த ஹாரன், முன்னால் கம்பியைப் போட்டுச் சுற்றினால்தான் எழுந்திருக்கும் இஞ்சின். புறப்படுகிற அன்று துரை அதன் முகப்பில் கையை வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றார். பிறகு முகத்தைத் துடைத்துக்கொண்டு போய்விட்டார். நானும் பாயும் சேர்ந்து பணம் போட்டு, வாடகைக்கு ஓட்ட அந்த வண்டியை வாங்கிக்கொண்டோம். ஆட்களை மேய்த்து, வட்டிக்கு அவர்கள் பொருளை வாங்கிவைக்கிற கங்காணிக்கு அது பொறுக்கவில்லை. “அழுதுட்டுப் போனவன் பொருள்டா அது. வெளங்காது” என்றார். பாய் சும்மா விடவில்லை. “கங்காணியாரே, அழுதவன் பொருளு வெளங்காதுன்னா உங்க வீட்டுல ஒரு தட்டுமுட்டு மிஞ்சுமா?” என்று கேட்டார். கூட்டம் சிரித்தது. எனக்கும் சிரிப்பு வந்தது. ஆனாலும் கங்காணி சொன்னது முள் மாதிரி உள்ளே தைத்துவிட்டது. நான் சாமிக்குப் பயந்தவன். அன்றைக்கே தோட்டத்து முருகன் கோவிலுக்கு ஓட்டிப் போய்க் கற்பூரம் காட்டி, நான்கு சக்கரத்துக்கும் விபூதி பூசினேன். பாய் வாய்ப்பக்கத்தில் உட்கார்ந்திருந்துவிட்டு, “ஒன் சாமிகிட்ட சொல்லிட்டே. இரு, நானும் சொல்லிக்கிறேன்” என்று தன் பங்குக்கு ஓதி ஊதினார்.

அன்று முதல் அதுவே வழக்கமாயிற்று. அவர் பிஸ்மில்லா சொல்ல வேண்டும், நான் முருகா சொல்ல வேண்டும். இரண்டும் ஆனபிறகுதான் வண்டி நகரும். ஒரு நாள் நான் மறந்துவிட்டேன். கோலப்பிலா வரைக்கும் போன வண்டியை நிறுத்தச் சொல்லி, என்னைச் சொல்ல வைத்தபிறகே மேலே போக விட்டார். வெள்ளிக்கிழமை அவர் தொழுதுவிட்டு வரும்வரை வண்டி எடுக்க மாட்டோம். தைப்பூசம் வந்தால் நான் கோவிலை விட்டு வரமாட்டேன். வண்டி கடை நிழலில் நிற்கும்.

சிரம்பான் போகிற ரோட்டில் அந்தக் காலத்தில் வாடகை வண்டிக்கு ஒரு முறை இருந்தது. ஏற வேண்டியவர்கள் ரோட்டோரத்தில் நின்று தாங்கள் போகிற ஊர்ப் பேரைச் சொல்லிக் கத்துவார்கள். “பிலா! பிலா!” என்று கோலப்பிலாவுக்குப் போகிறவர் கத்துவார். மலைக்குப் போகிறவர் “புத்துஸ்! புத்துஸ்!” என்பார். பிலாவுக்கும் சிரம்பானுக்கும் நடுவில், பாம்பு மாதிரி வளைந்து வளைந்து ஏறுகிற ரோடு உள்ள மலையின் பேர் அது. இடம் இருந்தால் பாய் ஏறச் சொல்வார். இல்லாவிட்டால் “பெனோ, பெனோ” என்று கையை ஆட்டுவார். நிறைந்துவிட்டது என்று அர்த்தம். எனக்குத் தெரிந்த நாலைந்து மலாய்ச் சொல்லில் அதுவும் ஒன்று.

ஆனால் போகப் போக ரோட்டில் ஏறுகிறவர்கள் குறைந்துபோனார்கள். தோட்டத்திலிருந்து ஏற்றிப் போகிறவர்கள்தான் கூடினார்கள். வேலை இல்லை என்று ஊருக்கு அனுப்பப்பட்டவர்களை மூட்டை முடிச்சோடு சிரம்பான் ரயிலடிக்குக் கொண்டுபோய் விட்டோம். காய்ச்சல் கண்டவர்களைப் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். கப்பலுக்குப் போனவர்கள் திரும்பி வருவதில்லை. ஆஸ்பத்திரிக்குப் போனவர்களிலும் பலர் வரவில்லை. கூலிக்காரர்களின் வீட்டு வரிசையான லயம் ஒன்றில் ஆறு வீடு அடைத்துக் கிடந்தது. சாயங்காலம் அடுப்புப் புகை எழும்பாத கூரைகளைப் பார்க்கவே பயமாக இருக்கும். எங்கள் வண்டியின் ஹாரன் சத்தம் கேட்டால் பெண்கள் பிள்ளைகளை உள்ளே இழுத்துக் கதவைச் சாத்த ஆரம்பித்தார்கள். தண்ணீர்க் குழாயடியில் வைத்துக் கங்காணி என் முகத்துக்கு நேராகவே கேட்டார்: “அந்தக் கறுப்பு வண்டியில பின்னால ஏறுனவன் எவன்டா திரும்பி வந்திருக்கான்?” பாய் இருந்திருந்தால் ஏதாவது சொல்லிச் சிரிக்க வைத்திருப்பார். நான் வாளியை எடுத்துக்கொண்டு வீட்டைப் பார்க்க நடந்தேன்.

அந்த வருஷ மழை விட்டபாடில்லை. மரத்தில் கட்டின கோப்பையெல்லாம் பாலுக்குப் பதில் தண்ணீர். அந்த நாளில்தான் பாய் படுத்தார். முதலில் குளிர் காய்ச்சல்தானே என்று கொய்னா மருந்தைத் தின்றுவிட்டுக் கடையில் உட்கார்ந்திருந்தார். அப்புறம் சாமான் கேட்டு வருகிறவர்களைப் பஸ்ராவில் செத்தவர்களின் பேரைச் சொல்லிக் கூப்பிட ஆரம்பித்தார். தோட்டத்தில் மருந்து கொடுக்கிற டிரெஸர் ஓடி வந்து கண்ணை விலக்கிப் பார்த்தார். “தலைக்கு ஏறிருச்சு. இங்க என்கிட்ட மருந்து இல்ல. ரயிலுக்குக் காத்திருந்தா ஆள் தாங்காது. இப்பவே சிரம்பானுக்குக் கொண்டு போங்க” என்றார். பாயின் மனைவி மக்கள் எல்லாம் கடல் தாண்டி அவர் ஊரில். பக்கத்தில் இருந்தது நாங்கள்தான்.

அவரைத் தூக்கிக்கொண்டு வந்தபோது நான் வாய்ப்பக்கக் கதவைத் திறந்தேன். கை பழக்கத்தில் திறந்துவிட்டது. அங்கே உட்கார அவருக்கு முதுகு நிற்கவில்லை. பின்னால்தான் படுக்கவைக்க வேண்டியிருந்தது. பின்னால் ஏறினவர்களைப் பற்றிக் கங்காணி கேட்ட கேள்வி எனக்கு அப்போது ஞாபகம் வந்தது. என் மனைவியும் அதையே நினைத்திருக்க வேண்டும். பின்னால் ஏறி, அவர் தலையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டாள். லயத்துச் சனம் பார்த்துக்கொண்டு நின்றது. “என்ன பாக்குறீங்க? என் அண்ணன் தலை, என் மடி” என்றாள். நான் கம்பியைச் சுற்றி இஞ்சினை எழுப்பிவிட்டு ஏறி, “முருகா” என்றேன். வண்டியை நகர்த்த மனசு வரவில்லை. இன்னொரு சொல் பாக்கி இருந்தது. பாய் கண் மூடிக் கிடந்தார். அவள் பின்னாலிருந்து, “அண்ணன் வாயால சொல்ல முடியல. நான் சொல்றேன், எடுங்க வண்டியை. பிஸ்மில்லா” என்றாள்.

விடிந்து வெகு நேரம் ஆகியும் வெளிச்சம் வரவில்லை. மழை துணிக்கூரையில் கல் எறிகிற மாதிரி விழுந்தது. ரோட்டின் இரு பக்கமும் தண்ணீர் சிவப்பாய் ஓடியது. ஒரு மாட்டு வண்டி இல்லை, ஒரு சைக்கிள் இல்லை. எதிர்ப்பக்கமிருந்து ஒரு வண்டியும் வரவில்லை என்பது எனக்கு அப்போது உறைக்கவில்லை. ரோடு காலியாகக் கிடக்கிறது, சீக்கிரம் போகலாம் என்று சந்தோஷப்பட்டேன். பக்கத்து இருக்கை காலியாக இருந்ததுதான் பார்க்கச் சகிக்கவில்லை. பின்னாலிருந்து பாயின் மூச்சு மரம் அறுக்கிற சத்தம் மாதிரி வந்துகொண்டிருந்தது. அது நின்று நின்று வரும். நிற்கும்போதெல்லாம் என் மனைவி “அண்ணே, அண்ணே” என்பாள். மறுபடி வரும்.

பகாவைத் தாண்டிக் கொஞ்ச தூரத்தில் ஒரு மலாய்க் கிராமம், கம்பம் என்பார்கள். மலாய்க்காரர்களின் வீடுகள் நாலைந்து, தென்னை, ஒரு திருப்பம். திருப்பம் முடிந்தால் சிற்றாற்றுக்குக் குறுக்கே பலகைப் பாலம். திருப்பத்துக்கு முன்னால் ரோட்டில் ஒரு மலாய்க்காரப் பெரியவர் நின்றார். குடை இல்லை. கைலி இடுப்பு வரை நனைந்து ஒட்டிக் கிடந்தது. இரண்டு கையையும் தூக்கி ஆட்டிக்கொண்டு ஏதோ கத்தினார். மழைச் சத்தத்தில் ஒரே ஒரு சொல்தான் என் காதில் விழுந்தது.

“புத்துஸ்! புத்துஸ்!”

பாவம், இந்த மழையில் மலைக்குப் போக வண்டிக்கு நிற்கிறார் என்று நினைத்தேன். நிறுத்த நேரமில்லை. பாய் எப்படி ஆட்டுவாரோ அப்படியே கையை ஆட்டி, மரியாதைக்குச் சிரித்து, “பெனோ! பெனோ!” என்று சொல்லிக்கொண்டே அவரைத் தாண்டினேன். அவர் வண்டியின் பின்னாலேயே ஓடி வந்து கத்தினார். கண்ணாடியில் தெரிந்தது. ஏற்றவில்லை என்று திட்டுகிறார் போலிருக்கிறது என்று நினைத்து இன்னும் வேகமாக மிதித்தேன்.

அப்போதுதான் பின்னாலிருந்து ஒரு கை வந்து என் சட்டைக் காலரோடு சேர்த்துக் கழுத்தைப் பிடித்தது. நெருப்பாய்ச் சுட்டது.

“டேய் நிறுத்துடா! மலையில்லடா... அறுந்துபோச்சுங்கிறான்!”

பாயின் குரல்தான். மிதித்தேன். பிரேக் பிடித்தும் வண்டி நிற்கவில்லை, சேற்றில் பக்கவாட்டாக வழுக்கிக்கொண்டே திருப்பத்தில் போனது. “முருகா” என்று கத்தினேனா, மனசுக்குள் சொன்னேனா, தெரியாது. நின்றபோது முன்சக்கரம் இரண்டும் பலகை மேல் இருந்தன. பாலத்துக்கு அதற்கு மேல் பலகை இல்லை. கீழே ஆறு முழு மரங்களை உருட்டிக்கொண்டு போனது. புத்துஸ் என்றால் மலாய்ப் பேச்சில் அறுந்துபோனது, முறிந்துபோனது என்று அர்த்தமாம். வருஷக்கணக்காக அந்தச் சொல்லை ஒரு மலையின் பேராகவே கேட்டிருக்கிறேன். திரும்பிப் பார்த்தேன். பாய் மறுபடியும் என் மனைவியின் மடியில் சரிந்து கிடந்தார். அவள் அவர் மூக்கருகே விரலை வைத்துப் பார்த்தாள். “உசுரு இருக்கு. ஆனா இங்கேயே நின்னா போயிரும்” என்றாள்.

மழைச் சாரலில் ஆற்றங்கரை மெல்லத்தான் கண்ணுக்குத் தெரிந்தது. மூங்கில் கழிகளை வைத்துக்கொண்டு ஏழெட்டு ஆண்கள் கரையோரம் இடுப்பளவு தண்ணீரில் நின்றார்கள். கழியைத் தண்ணீருக்குள் விட்டு விட்டு எடுத்தார்கள். ஆழம் பார்க்கிறார்கள் என்று நினைத்தேன். ரோட்டில் நின்ற பெரியவர் மூச்சு வாங்க ஓடி வந்து சேர்ந்தார். எனக்குப் பேச வாய் இல்லை. பின் கதவைத் திறந்து பாயைக் காட்டினேன். “சிரம்பான், சிரம்பான்” என்றேன். கைகூப்பினேன். பெரியவர் பாயின் தலையில் இருந்த வெள்ளைத் தொப்பியைப் பார்த்தார். பிறகு ஆற்றைப் பார்த்தார். ஆற்றைத்தான் நெடுநேரம் பார்த்தார். அப்புறம் கரையில் நின்றவர்களை நோக்கி ஒரு சொல் சொன்னார். அவர்கள் கழியை அப்படியே கரையில் போட்டுவிட்டு வந்தார்கள். ஒருவன் மட்டும், வாலிபன், வரமாட்டேன் என்கிற மாதிரி தண்ணீரிலேயே நின்றான். பெரியவர் மறுபடி அதட்டவும் அவனும் முகத்தைத் துடைத்துக்கொண்டு வந்தான்.

இரண்டு கைலியை மூங்கிலில் கட்டித் தூளி செய்தார்கள். ஆற்றோடு மேலே கொஞ்ச தூரம் நடந்து, குறுக்கே விழுந்து கிடந்த பெரிய மரத்தின் மேல் கயிறு பிடித்து, அங்குலம் அங்குலமாய் அவரைக் கொண்டுபோனார்கள். மாட்டேன் என்று நின்ற வாலிபன்தான் முன்னால் தோள் கொடுத்தான். என் மனைவி சேலையை வரிந்து கட்டிக்கொண்டு அவர்கள் பின்னால் மரத்தில் ஏறினாள். நானும் வருகிறேன் என்றேன். “வண்டியை யாரு பாக்குறது? அது அண்ணன் வண்டி. ஆத்துல விட்டுட்டீங்கன்னா எழுந்து வந்து உங்களைத்தான் கேக்கும்” என்றாள். அழுதுகொண்டேதான் சொன்னாள். அக்கரையில் ஒரு சீனரின் லாரி மேலே போக முடியாமல் நின்றிருந்தது. அதில் ஏற்றி, லாரியைத் திருப்பிக்கொண்டு போனார்கள். அதற்குள் மலாய்க்காரர்கள் திரும்பி வந்து எடுத்த இடத்திலேயே கழிகளை எடுத்துக்கொண்டு தண்ணீரில் இறங்கிவிட்டார்கள். நன்றி சொல்ல எனக்கு அந்தப் பேச்சில் ஒரு சொல்கூடத் தெரியவில்லை.

காலி வண்டியோடு நான் தோட்டத்துக்குள் நுழைந்தபோது ஒருவரும் ஒன்றும் கேட்கவில்லை. கங்காணிகூடத் தலையைக் குனிந்துகொண்டார்.  தினமும் பால்வெட்டு முடிந்ததும் கோவிலில் போய் உட்காருவேன். “அவரைக் கொடு, அது போதும்” என்பதைத் தவிர வேறு எதுவும் நான் கேட்கவில்லை. ஒரு நாள் என் மனைவி ரயிலில் வந்து பகாவில் இறங்கி, நடந்தே வந்து சேர்ந்தாள். “அண்ணன் பொழச்சுக்கிச்சு. சிரம்பான் பக்கம் ரஹாங்குல அவுங்க சொந்தக்காரங்க கடையில இருக்கு” என்றாள். நான் விழுந்து கும்பிட்டேன். அவள் இன்னும் நின்றுகொண்டிருந்தாள். “காது மட்டும் போயிருச்சுங்க. ரெண்டும்” என்றாள். காய்ச்சல் பறித்ததா, கொய்னா பறித்ததா, எனக்குத் தெரியாது.

பாய் திரும்பி வந்ததும் நேராக வண்டியிடம்தான் போனார். வாய்ப்பக்கத்தில் ஏறி உட்கார்ந்து, “ஹாரனை அடி” என்றார். அடித்தேன். “அடிச்சியா?” என்றார். பிறகு அவரே சிரித்தார். “சரி போ. செவிடனும் மலாய் தெரியாதவனும். இனி இந்த வண்டிக்கு மூணாவதா ஒரு ஆள் தேடணும்” என்றார். என் மனைவி அவருக்கு அந்த ஆற்றங்கரைக் கதையைக் கையாலும் வாயாலும் முழுக்கச் சொல்லியிருந்தாள். தன்னைச் சுமந்தவர்களைப் பார்த்துவிட்டுத்தான் கடையைத் திறப்பேன் என்று பிடிவாதமாக நின்றார். அரிசியும் சர்க்கரையும் பேரீச்சம்பழமும் மூட்டை கட்டி ஏற்றிக்கொண்டு கிளம்பினோம். வழியெல்லாம் என்னைக் கேலிதான். “அந்த மனுசன் சாவு வருது சாவு வருதுன்னு கத்துறான். இவன் எடமில்லை எடமில்லைங்கிறான்!” என்று சொல்லித் தொடையைத் தட்டிச் சிரித்தார். நானும் கண்ணில் நீர் வரச் சிரித்தேன்.

பாலத்தில் புதுப் பலகை போட்டிருந்தார்கள். அதே பெரியவர் வீட்டு வாசற்படியில் உட்கார்ந்திருந்தார். வண்டியைக் கண்டதும் எழுந்து வந்தார். பாய் இறங்கி சலாம் சொல்லி, அவர் கையைப் பிடித்துக்கொண்டு மலாயில் நன்றி சொன்னார். மூட்டையைக் காட்டினார். பெரியவர் மூட்டையைப் பார்க்கவில்லை. மெல்லிய குரலில், பாலத்தைப் பார்த்துக்கொண்டே, ஏதோ சொன்னார். பாய் தன் காதைத் தொட்டுக் காட்டித் தலையை ஆட்டிவிட்டு என்னைப் பார்த்தார். எனக்குக் கேட்டது, புரியவில்லை. அவருக்குப் புரியும், கேட்கவில்லை. பெரியவர் மறுபடி அதையே சொன்னார். என்ன செய்வது என்று தெரியாமல் பாயின் கையை இழுத்து விரித்து, என் காதில் விழுந்த சத்தத்தை உள்ளங்கையில் விரலால் தமிழ் எழுத்தாக எழுதினேன். அனாக் சாயா லாலு டூலு. அதில் இரண்டொரு சொல் நான் ரோட்டில் கேட்டுப் பழகியதுதான். அப்போது சேர்த்துப் பார்க்கத் தோன்றவில்லை.

பாய் கையை மூடிக்கொண்டார். அவர் முகத்தில் வழியெல்லாம் இருந்த சிரிப்பு இல்லை.

“என் மகன் முன்னால போயிட்டான்கிறாரு தம்பி” என்றார். “அன்னைக்கு. நமக்கு முன்னால, சைக்கிள்ல. அதுக்கு அப்புறம்தான் இவரு ரோட்டுல வந்து நின்னிருக்காரு.”

கழிகள் எதற்கு என்று எனக்கு அப்போதுதான் தெரிந்தது. தண்ணீரை விட்டு வரமாட்டேன் என்று நின்ற வாலிபன் யாருக்குத் தம்பியாக இருந்திருப்பான் என்றும் தெரிந்தது. தன் பிள்ளையைத் தேடுகிறவர்களை நிறுத்தி, முன்பின் தெரியாத ஒருவரைத் தூக்கச் சொல்லியிருக்கிறார் அந்த மனிதர். நான் அவரைப் பார்த்துச் சிரித்து, கையை ஆட்டி, இடமில்லை என்று சொல்லியிருக்கிறேன்.

பாய் மலாயில் அவரிடம் ஒரு கேள்வி கேட்டார். பெரியவர் ஒரே ஒரு சொல் சொன்னார். அது மகனின் பேர் என்று எனக்கே தெரிந்தது. பாய் கையை நீட்டினார், எழுதினேன். அந்தக் கையையும் மறு கையையும் ஏந்திக்கொண்டு அவர் துவா கேட்டார். பெரியவரும் ஏந்தினார். எனக்குத் தெரிந்த மாதிரி நான் கும்பிட்டேன்.

பாய் போய்ச் சேர்ந்து வெகு காலம் ஆகிவிட்டது. வண்டியை ஜப்பான்காரன் காலத்தில் கொண்டுபோனார்கள். அதற்கு நான் அழவில்லை. இப்போது அந்த ஆற்றுக்கு மேல் கல்பாலம். பேரப்பிள்ளைகள் காரில் பிலாவுக்கு அழைத்துப் போவார்கள். அது பாலம் என்றே தெரியாமல் வண்டி தாண்டிவிடும். அந்தத் திருப்பம் வந்தால் நான் கண்ணை மூடிக்கொண்டு, முருகனிடம் அந்தப் பிள்ளையின் பேரைச் சொல்வேன். தாத்தா தூங்கிவிட்டார் என்று நினைத்துப் பிள்ளைகள் பாட்டுச் சத்தத்தைக் குறைப்பார்கள்.